கோட்டார் – வடசேரி நடைவழி: எந்தத் தெரு, எந்த நேரம், எங்கே சிக்கல்?

கம்போளத்தான்

நாகர்கோவில் என்று இன்று ஒரே பெயரில் சொல்கிறோம். நடந்து பார்த்தால் இது பல பழைய ஊர்கள் ஒட்டி வளர்ந்த ஊர் என்பது காலுக்கே தெரியும். கோட்டார் சந்தை, வடிவீஸ்வரம் கோயில் தெருக்கள், மீனாட்சிபுரம் கடைவீதி, நாகராஜா கோயிலைச் சுற்றிய வீதிகள், வடசேரி ஆசாரிமார் தெருக்கள், பழையாற்றங்கரை ஒழுகினசேரி. ஒவ்வொன்றுக்கும் தனி வயது, தனித் தொழில். சோழர் கல்வெட்டுகளில் கோட்டாறுக்கு மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர். நகராட்சி வந்தது 1920-ல், மாநகராட்சி ஆனது 2019-ல். நடுவில் இருந்த ஊர் எல்லைகள் அழிந்துவிட்டன, தெருக்கள் மட்டும் பழைய போக்கிலேயே கிடக்கின்றன.

இவற்றை இணைத்து ஒரு நடைவழி வரைந்து, ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம் என்பது யோசனை. மேற்கு வரிசை இப்படி: கோட்டார் சவேரியார் கோயில், செட்டிக்குளம், வேப்பமூடு, மணிமேடை (மணிக்கூண்டு), நாகராஜா கோயில், வடசேரி. கிழக்கு வரிசை: வடசேரி, ஒழுகினசேரி, வடிவீஸ்வரம், மீனாட்சிபுரம், கோட்டார் கம்போளம் (சந்தை). இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம்.

தெரிய வேண்டியவை: எந்த முனையில் தொடங்குவது, எந்தக் கிழமை, எந்தச் சந்திப்பில் கூட்டம் உடைந்துபோகும், வயதானவர்கள் எதுவரை வர முடியும். வரலாற்றை நீட்டி எழுதுகிறவர்கள் அதற்கென்று நிற்க ஓர் இடமும் சேர்த்துச் சொல்லுங்கள். நடைபாதை இல்லாத சாலையோரத்தில் நிறுத்தி வரலாறு சொன்னால் யார் காதிலும் ஏறாது.

சாலைஅளவை

தொடக்கம் கோட்டார்தான், அண்ணாச்சி. காரணம் கோயில் நேரம். நாகராஜா கோயிலில் நண்பகலை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள், மாலை 5 மணி வாக்கில்தான் மறுபடி திறப்பு. சவேரியார் கோயில் பக்கம் அந்தச் சிக்கல் குறைவு. ஆகவே காலை 6:30-க்கு அங்கே தொடங்கி வடக்கே ஏறுவது சரி.

மேற்கு வரிசை மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர். தனி ஆள் 45 நிமிடத்தில் போய்விடலாம். கூட்டமாகப் போனால் அந்தக் கணக்கு மட்டும் போதாது. கிலோமீட்டருக்கு 15 நிமிடம் நடை, அதோடு நிற்கும் நேரம் தனி என்று போடுங்கள். சவேரியார் கோயிலில் 20 நிமிடம், வேப்பமூட்டில் 15, மணிமேடையில் 10. இப்படிப் போனால் நாகராஜா கோயிலுக்கு 8 மணி சுமாருக்கு வரலாம். அங்கே 40 நிமிடம் கொடுத்தாலும் 9-க்கு வடசேரி.

முழு வட்டத்தையும் ஒரே மூச்சில் போடவே கூடாது. காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு என்று இரண்டாக வெட்டுங்கள். 10 மணிக்கு மேல் இந்த ஊரில் நடப்பது கஷ்டம். நாம் இருப்பது வடக்கே 8 பாகையில். பங்குனிக் கடைசியிலும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களில் மதியம் சுவரோரத்தில்கூட நிழல் விழாது.

நிழலுக்கு ஒரு எளிய விதி உண்டு. தெற்கு வடக்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குச் சிறகை (தெருவின் கிழக்குப் பக்கத்தை) ஒட்டி நடக்க வேண்டும், அந்தப் பக்கக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழும். மாலையில் மேற்குச் சிறகு. தாளில் படம் வரையும்போது எந்தச் சிறகு என்பதை அம்புக்குறியோடு போட்டால் நல்லது.

ரேக்கு

கிழமை விஷயத்தில் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம் என்பேன். போக்குவரத்து குறைவு என்று எல்லோரும் ஞாயிறைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்த வழியின் உயிரே தொழில்தான். ஞாயிறு அன்று வடசேரியில் பட்டறைகள் பெரும்பாலும் அடைப்பு, கம்போளத்தில் மொத்தக் கடைகளும் அப்படியே. மூடிய பலகைகளைப் பார்க்க யாரும் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.

வடசேரியில் பார்க்க வேண்டியது கோயில் நகை வேலை. புவிசார் குறியீடு பெற்ற தொழில். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் போடும் நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் இங்கே செய்வது. நகைக்கடை வெளிச்சத்தில் பார்த்தால் வேலை புரியாது, பலகையில் பாதி முடிந்த நிலையில் பார்க்க வேண்டும். வெள்ளித் தகட்டை வெட்டி, கல் உட்கார வேண்டிய குழிகளுக்குச் சுவர் எழுப்பி ஒட்டுகிறார்கள். குழிக்குள் அரக்கு நிரப்புகிறார்கள். சூட்டில் இளகிய அரக்கின் மேல் சிவப்புக் கெம்புக் கல்லை அமர்த்துகிறார்கள். பிறகு மெல்லிய தங்க ரேக்கை, அதாவது தங்கத் தாளை, கல்லின் ஓரத்தில் வைத்து முனை மழுங்கிய கருவியால் அழுத்தி அழுத்திக் கல்லைப் பிடிக்க வைக்கிறார்கள். பற்றவைப்பு கிடையாது, கல்லைப் பிடித்திருப்பது அந்த ரேக்கின் அழுத்தம்தான். கல் ஏன் சில நகைகளில் உதிர்கிறது என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும். ரேக்கு போதிய அழுத்தம் வாங்கவில்லை, அல்லது அரக்கு வெயிலில் இளகிவிட்டது.

பட்டறை என்பது பல இடங்களில் வீட்டின் முன்னறைதான். 20 பேர் ஒன்றாக வாசலை அடைத்தால் வேலை செய்கிறவருக்கு வெளிச்சம் போய்விடும். நாலைந்து பேராகப் போக வேண்டும், முதல்நாளே கேட்டு வைக்க வேண்டும். ஊதுகுழல் நெருப்பு பக்கத்தில் இருந்தால் குழந்தைகளை முன்னால் விடாதீர்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், சில வடிவங்கள் ஒரு குறிப்பிட்ட ஆளுக்காகச் செய்வது.

தேர்முட்டி

ரேக்கு சொல்வதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். நாகராஜா கோயிலில் ஞாயிறு கூட்ட நாள். ஆவணி மாத ஞாயிறு என்றால் பால் ஊற்ற வரும் வரிசையே வெளியே வீதிவரை நிற்கும். அந்த மாத ஞாயிறுகளில் கோயில் பக்கம் கூட்டமாகக் கூட்டிப்போவது கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல். தை மாதத் தேரோட்ட நாட்களிலும் ரதவீதிகளில் நடைவழி செல்லாது. தேர் ஓடும் நாளில் தேரைப் பார்க்கப் போக வேண்டும், அது வேறு காரியம்.

ஆனால் வார நாளும் எளிதில்லை. வேப்பமூட்டிலும் மணிமேடையிலும் பள்ளி, நீதிமன்றம், அலுவலகம் எல்லாம் சேர்ந்து காலை 8:15-லிருந்து 9:45 வரை நெரிசல். அந்த நேரத்துக்குள் இரண்டு சந்திப்பையும் தாண்டியிருக்க வேண்டும். சாலைஅளவை போட்ட கணக்கில் 8 மணிக்கு நாகராஜா கோயில் என்பது இதற்கும் பொருந்துகிறது. அரை மணி தாமதமாகத் தொடங்கினால் நேரே நெரிசலில் மாட்டுவீர்கள். என் கணிப்பில் சனிக்கிழமை காலைதான் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் நாள். பட்டறை உண்டு, சந்தை உண்டு, பள்ளி நெரிசல் பாதி.

மீட்தெரு

தேவாலயங்கள் பற்றி. கோட்டாரில் தொடங்கும்போது ஒரு விஷயத்தை நின்று சொல்ல வேண்டும். சவேரியார் 1540-களில் இந்தக் கரையில் நடமாடியவர், அவர் எழுப்பிய சிற்றாலயத்தில்தான் இந்தக் கோயிலின் வேர். 1930-ல் கோட்டார் மறைமாவட்டம் உருவானபோது பேராலயம் ஆனது. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் அடக்கம் செய்யப்பட்டது இங்கேதான். 2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு வெளியூர்க் கூட்டம் கூடியிருக்கிறது. நிற்க இடம் கோயில் வளாகத்துக்குள்ளேயே தாராளமாக உண்டு, வாசல் சாலையில் நிறுத்தாதீர்கள். காலைத் திருப்பலி நடக்கும்போது உள்ளே விளக்கம் சொல்லக்கூடாது. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை திருவிழா. அந்தப் பத்து நாளும் செட்டிக்குளம் வரை கடைகள் போட்டிருப்பார்கள். அந்த நாட்களில் தொடக்கப் புள்ளியைச் செட்டிக்குளத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கம்போளத்தான் அண்ணன் போட்ட வரிசையில் கஸ்பா ஆலயம் என்ற புராட்டஸ்டண்ட் தேவாலயம் விடுபட்டிருக்கிறது. வேப்பமூட்டுப் பக்கத்திலிருந்து கிளையாகப் பிரிந்து போய்த் திரும்ப வேண்டும், சுமார் அரை மணி கூடும். விட்டுவிடக் கூடாத இடம். 1819 புத்தாண்டு நாளில் மிஷனரி ரிச்சர்ட் நில் அடிக்கல் போட்ட கருங்கல் கட்டடம். மிஷன் போதகர் மீட் ஐயர் முந்தைய ஆண்டுதான் இங்கே வந்து சேர்ந்திருந்தார். இந்த மிஷன் வளாகத்தைச் சுற்றித்தான் பெண்பிள்ளைகள் பள்ளி, அச்சகம், பின்னல் வேலை, பிற்காலத்தில் ஸ்காட் கல்லூரி எல்லாம் முளைத்தன. மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் பின்னலைச் சொல்லாமல் வடசேரி நகை வேலையை மட்டும் சொன்னால் ஊரின் கைத்தொழில் வரலாறு பாதிதான்.

நேரம் போதாது என்றால் மணிமேடையில் 5 நிமிடம் குறைத்து இங்கே கொடுங்கள். மணிமேடை எப்போதும் கண்ணில் படும், நடுச்சாலையில் நிற்கிறது. 1893-ல் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்தது, கடிகாரம் டத்தி ஐயர் கொடுத்தது. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகரலாம்.

சாலைஅளவை

சந்திப்புகளுக்கு வருகிறேன். மூன்று இடம்: செட்டிக்குளம், வேப்பமூடு, மணிமேடை. மூன்றிலும் ஒரே கோளாறுதான், கூட்டத்தின் தலை ஒரு பக்கமும் வால் மறு பக்கமுமாகப் பிரிந்து நிற்பது.

கணக்கு போட்டால் காரணம் தெரியும். சாலைப் பொறியியலில் சாதாரண ஆளின் நடை வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர், வயதானவர்களுக்கு 0.8 என்று எடுப்பார்கள். 12 மீட்டர் சாலையைக் கடக்க இளையவருக்கு 10 விநாடி, பெரியவருக்கு 15. இருபது பேர் இரண்டிரண்டாக வந்தால் பத்து வரிசை, வரிசைக்கு ஒரு மீட்டர் என்றால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 9 மீட்டர் இடைவெளி. பெரியவர்கள் வேகத்தில் அதற்கு மேலும் 11 விநாடி. மொத்தம் 26 விநாடி சாலை நமக்குச் சும்மா கிடைக்க வேண்டும். காலை 8 மணிக்கு வேப்பமூட்டில் அது நடக்காது.

ஆகவே பத்துப் பேருக்கு மேல் ஒரே குழுவாகக் கடக்கக் கூடாது. சந்திப்புக்கு 15 மீட்டர் முன்பே எல்லோரையும் சேர்த்து நிறுத்த வேண்டும், ஓரக்கல்லில் வந்து நின்றால் தலை தானாகவே இறங்கிவிடும். இரண்டிரண்டாக நீளமாகப் போகாமல் நாலு நாலு பேராக அகலமாகக் கடந்தால் வால் பாதியாகக் குறையும். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். பின்னால் வருபவர் கை தூக்கிய பிறகே முன்னால் போனவர் நகர வேண்டும். சிக்னல் விழுந்ததும் எதிர் வண்டிகளை மட்டும் பார்க்கிறோம். ஆபத்து இடது பக்கம் தடையில்லாமல் திரும்பும் பைக்குகளில் இருக்கிறது. அவர்கள் சிக்னலுக்கு நிற்க மாட்டார்கள்.

மணிமேடையைச் சுற்றி நடுவில் நின்று மேலே பார்க்க ஆசை வரும். வேண்டாம். எதிர்ச் சிறகுக் கடை ஓரத்திலிருந்தே நாலு பக்கக் கடிகாரத்தில் இரண்டு நன்றாகத் தெரியும்.

பழையாறு

கிழக்கு வரிசையைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் மூத்த வழி. பழையாறு ஒழுகினசேரியைத் தொட்டுக்கொண்டு சுசீந்திரம் பக்கம் இறங்கி மணக்குடியில் கடலில் சேருகிறது. ஆறும் வயலும் இருந்த பக்கத்தில்தான் முதலில் குடியேற்றம் வந்திருக்கும்.

மாலை 4:30-க்கு வடசேரியில் தொடங்குங்கள். ஒழுகினசேரியில் சோழராஜா கோயில், சோழர் காலத்துச் சிவன் கோயில். பலர் பெயரைக் கேட்டிருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள். கல்வெட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை எண்ணெய் பட்டுப்பட்டு எழுத்து மழுங்கும். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எழுத்து தானாகவே துலங்கும். மாலையில் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஊரும் இதுதான், 1908.

ஒழுகினசேரியில் ஆற்றுப் பாலத்தின் மேல் நடக்கும்போது வண்டிகளை எதிர்கொண்டு வலப்பக்கமாக, ஒற்றை வரிசையில் போக வேண்டும். பேருந்து பின்னாலிருந்து வந்தால் ஒதுங்க இடம் கிடையாது, முன்னால் வந்தால் தெரியும். பாலத்தில் நிறுத்தி ஆற்றைக் காட்டக் கூடாது. கரை பக்கம் இறங்கிய பிறகு நிற்கலாம்.

அடுத்து வடிவீஸ்வரம். அழகம்மன் சுந்தரேஸ்வரர் கோயிலும் அதைச் சுற்றிய தெருக்களும். பெரிய சாலையை விட்டு உள்ளே வந்ததும் சத்தம் பாதியாகக் குறையும். இங்கே நிதானமாக நடக்க விடுங்கள், 30 நிமிடம் தாராளமாக. பழைய ஓட்டு வீடுகளில் திண்ணை எங்கே மிச்சம் இருக்கிறது, எங்கே சுற்றுச்சுவர் ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டே வரலாம். திண்ணையில் உட்கார வேண்டுமானால் கேட்டு உட்காருங்கள், அது அவர்கள் வீடு. அங்கிருந்து மீனாட்சிபுரம், பிறகு கோட்டார் கம்போளம். மழைக்காலத்தில் 6 மணிக்கே இருட்டத் தொடங்கும், ஆனி ஆடியில் முக்கால் மணி கூடுதலாகக் கிடைக்கும். டிசம்பரில் தொடக்கத்தை 4 மணிக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

கம்போளத்தான்

பழையாறு சொன்ன வரிசைக்குக் கம்போளத்தில் ஒரு திருத்தம். மாலையில் போனால் சந்தையின் அடங்கிய முகம்தான் தெரியும். சரக்கு இறங்குவது விடியற்காலை. மிளகு, கிராம்பு, கருப்பட்டி, புளி என்று ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு மணம் மாறும், அதைப் பார்க்க வேண்டுமானால் காலை நடையைச் சவேரியார் கோயிலில் தொடங்காமல் கம்போளத்தில் 6 மணிக்கே தொடங்கலாம். அப்படியானால் ஒரு கவனம் தேவை. சுமடு இறக்குகிறவர்கள் தலையில் மூட்டையோடு வரும்போது கீழே பார்க்க முடியாது, நாம்தான் விலக வேண்டும். லாரியின் பின்பக்கம் நிற்கவே கூடாது. கடைவாசலை மறிக்காமல் ஒரு சிறகில் மட்டும், ஒற்றை வரிசை.

வாழைக்குலைக் கடையில் மட்டிப் பழம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துப் பழம், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெல்லிய தோல், பையில் அடியில் வைத்தால் நசுங்கிவிடும்.

திங்கள்நகர்

முட்டு வலி உள்ள பெரியவர்களையும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் எந்தப் பகுதிக்குக் கூட்டி வரலாம்? முழு வழியும் வேண்டாம். ஒரு துண்டு போதும்.

சாலைஅளவை

வேப்பமூடு பூங்காவிலிருந்து மணிமேடை வரை உள்ள துண்டு. சிறிய தூரம், பூங்காவில் உட்கார இடம், குமரி இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியின் மணிமண்டபம் அதே சந்திப்பில். 1956 நவம்பர் 1-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த கதையை நிழலில் உட்கார வைத்தே சொல்லலாம்.

கூட்டிப் போகும் முன் ஓர் ஆள் டேப்போடு போய் அளந்துவிட வேண்டும். நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் குழும விதி. இருக்கும் அகலத்தை அளக்காதீர்கள், கம்பம், டிரான்ஸ்பார்மர், கடைப்பலகை, நிறுத்திய பைக் போக மிச்சம் எவ்வளவு என்று அளங்கள். சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழே ஓரிடத்தில் குறைந்தாலும் அந்தச் சிறகு உதவாது. ஓரக்கல் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாய்தளம் என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம். கடைவாசலில் பைக் ஏற்றப் போட்டிருக்கும் சிமென்ட் சரிவுகள் செங்குத்தானவை, அதில் நாற்காலியை ஏற்றினால் பின்னால் சாயும். பின்பக்கமாகத் திருப்பி இழுத்து ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

ஓடைமூடிப் பலகைகள் (சாலையோரச் சாக்கடையின் மூடிகள்) பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்த வழியில் அடிக்கடி கால் தவறுவது அங்கேதான். தூர்வாரத் தூக்கிய மூடியைத் திரும்பப் போடும்போது அடியில் கல்லோ மண்கட்டியோ சிக்கினால் பலகை ஆடும். ஆடும் பலகையின் நடுவில் மிதிக்காதீர்கள், இரண்டு சுவரிலும் உட்கார்ந்திருக்கும் முனைப் பக்கத்தை மிதியுங்கள். விரிசலில் கம்பி துருவேறி வெளியே தெரிந்தால் அந்தப் பலகை பாரம் தாங்காது. சாலையில் இறங்கிச் சுற்றிப் போங்கள். மழைத்தண்ணீர் தேங்கி மூடி எது ஓடை எது என்று தெரியாத நாளில் நடையையே தள்ளிப் போடுங்கள். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மாலை நடைக்கு நாள் குறிக்கும்போது மாற்று நாளும் சேர்த்தே அறிவியுங்கள்.

தேர்முட்டி

நாகராஜா கோயிலுக்குள் எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்கிறேன். 40 நிமிடம் சரியாகப் போதும்.

பலரும் தெற்கு வாசல் வழியாகத்தான் நுழைவார்கள், மகாமேரு மாளிகை என்பது அந்த வாசல்தான். சன்னிதி கிழக்கு பார்த்தது. உள்ளே போனதும் நேரே தரிசனத்துக்கு ஓடாமல் மூலவர் இருக்கும் இடத்தின் கூரையை முதலில் பாருங்கள். இவ்வளவு பெரிய கோயிலில் நாகராஜாவுக்கு ஓலைக் கூரை. ஆடியில் புதிதாக வேய்வார்கள். பக்கத்தில் அனந்தகிருஷ்ணன் சன்னிதி.

பிறகு தூண்கள். இங்கே நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்தலை நாகம் குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர், இன்னொரு உருவம் மகாவீரர். நாக வழிபாடும் சமணமும் இந்த மண்ணில் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் இங்கே சமணப் பண்டிதர்கள் இருந்ததைச் சொல்கின்றன. விரலால் சுட்டிக்காட்டி உரக்கப் பேசாமல், இரண்டு மூன்று பேராகத் தூணருகே கூட்டிப்போய்க் காட்டுங்கள். விளக்கத்தை வெளியே நாகராஜா திடலில் வைத்துக்கொள்ளலாம், அங்கே இடம் உண்டு.

பிரசாதம் கருவறை மண். ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெள்ளை என்பார்கள். வாங்கிக்கொள்ளச் சின்னக் காகிதம் அல்லது டப்பி கையில் இருக்கட்டும், ஈரக் கையில் வாங்கினால் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், ஒரு துண்டு எடுத்து வரச் சொல்லுங்கள். செருப்புக்குத் துணிப்பை ஒன்று கொண்டுவந்தால் தெற்கு வாசலில் விட்டுவிட்டு வடக்கே வெறுங்காலோடு நடக்க வேண்டிய நிலை வராது.

மீட்தெரு

அறிவிப்புப் பலகை வைக்கும் யோசனை யாருக்காவது இருக்கிறதா? ஒரு தாள் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். கிளை பிரியும் இடத்தில் வெளியூர்க்காரர்கள் நிச்சயம் தவறுவார்கள்.

சாலைஅளவை

அனுமதி கிடைத்தால் வைக்கலாம், அக்கா. தூரத்தை மீட்டரில் எழுதாமல் நிமிடத்தில் எழுதுங்கள். "நாகராஜா கோயில், 10 நிமிட நடை" என்றால் யாரும் ஆட்டோவைக் கூப்பிட மாட்டார்கள். திருப்பத்துக்குச் சற்று முன் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, திரும்பி 30 மீட்டர் போனபின் சரியான வழிதான் என்று உறுதி சொல்ல ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அது இல்லாததால்தான் ஆட்கள் பாதி வழியில் திரும்பி வருகிறார்கள்.

10 மீட்டரிலிருந்து படிக்க எழுத்து 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். தமிழ் எழுத்தில் மேலே கொம்பும் சுழியும், கீழே உகரக் கால்களும் வருவதால் வரிக்கு வரி இடைவெளியை எழுத்து உயரத்துக்குச் சமமாக விடுங்கள். ஆங்கில எழுத்துக்குப் போட்ட அளவையே போட்டால் இரண்டு வரிகளும் மோதிக்கொள்ளும். பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 2.2 மீட்டருக்குக் குறையக் கூடாது, தலை இடிக்கும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் கைக்கும் எட்டாது. கம்பத்தில் ஒற்றை போல்ட்டில் மாட்டினால் காற்றில் திரும்பி வேறு தெருவைக் காட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்று நமக்குத் தெரிந்ததுதானே. இரண்டு போல்ட், துத்தநாகப் பூச்சு உள்ளது. கடல் பக்கத்தில் இருப்பதால் சாதாரண இரும்பு சீக்கிரம் துருவேறி ஒழுகிப் பலகையைக் கறைப்படுத்தும்.

குமரிக்கரை

இதே வழியில் சுசீந்திரமும் பத்மநாபபுரமும் சேர்த்தால் முழுமையாக இருக்காதா?

பழையாறு

சேர்க்கக் கூடாது. சுசீந்திரம் போகும் சாலை கன்னியாகுமரிக்குச் செல்லும் வண்டிகளின் சாலை, கூட்டமாக நடக்க ஏற்றதல்ல. பேருந்தில் போய் இறங்கிக் கோயிலையும் தெப்பக்குளத்தையும் ரதவீதிகளையும் சுற்றுங்கள், அது தனியாக அரை நாள். தெற்கே நீட்ட வேண்டுமானால் கோட்டாரிலிருந்து இடலாக்குடி வரை மட்டும் போகலாம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர், அவர் பெயரில் அரசுப் பள்ளி இருக்கிறது. 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகம் (ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் மனம் வைப்பது) செய்துகாட்டியவர்.

பத்மநாபபுரம் தக்கலை பக்கம். கோட்டைக்குள் நடப்பது நல்ல நடைதான், ஆனால் வேறு நாள். அரண்மனையை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணிநேரம் அடைப்பு. திங்கள் அன்று போய் நின்று திரும்புகிறவர்கள் நிறைய. கோட்டைச் சுவரை மட்டும் எந்த நாளும் பார்க்கலாம்.

கம்போளத்தான்

தாளுக்கு வேண்டியது பெரும்பாலும் வந்துவிட்டது. தண்ணீர், கழிப்பறை, திரும்பும் வழி மட்டும் பாக்கி.

ரேக்கு

கழிப்பறை நம்பகமாகக் கிடைப்பது இரண்டு பேருந்து நிலையங்களில், மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம், வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையம். கட்டணம் உண்டு, சில்லறை கையில் வையுங்கள். மேற்கு வரிசையில் நடுவழியில் இவை எதுவும் இல்லாததால் தொடங்கும் முன்பே பெரியவர்களை நினைவுபடுத்த வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் காலை நடைக்குப் போதும். பங்குனி சித்திரையில் ஒன்றரை.

வண்டியைக் கோட்டாரில் விட்டுவிட்டு வடசேரியில் முடிக்கிறவர்கள் திரும்பப் பேருந்து பிடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடசேரி நிலையம் வெளியூர்ப் பேருந்துகளுக்கு, அண்ணா நிலையம் உள்ளூர் டவுன் பேருந்துகளுக்கு. வடசேரியில் நின்றுகொண்டு டவுன் பேருந்துக்குக் காத்திருப்பதைவிட, கன்னியாகுமரி மார்க்கமாகப் போகும் வண்டி கோட்டாரில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டு ஏறுவது விரைவு. ரயிலில் வருகிறவர்களுக்கு நாகர்கோவில் சந்திப்பு கோட்டார் பக்கம், டவுன் நிலையம் வேறு. தாளில் "ரயில் நிலையம்" என்று மட்டும் போடாமல் சந்திப்பு என்று எழுதுங்கள், இல்லையென்றால் காலை 6 மணிக்குப் பாதிப் பேர் டவுன் நிலையத்தில் இறங்கி நிற்பார்கள்.